நீலச் சொட்டு, மஞ்சள் சொட்டு, நிறமில்லாச் சொட்டு

ரத்த வகை பார்த்துக்கொண்ட எல்லோருக்கும் அந்த மூன்று சின்னப் பாட்டில்களைத் தெரிந்திருக்கும். ஒன்றில் நீலம், ஒன்றில் மஞ்சள், மூன்றாவதில் தண்ணீர் மாதிரி நிறமற்ற திரவம். விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் மூன்று இடத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கி, தகட்டை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்ப்பார் லேப் டெக்னீஷியன். நீலச் சொட்டில் ரத்தம் மணல் மணலாகத் திரண்டால் ஏ. மஞ்சளில் திரண்டால் பி. இரண்டிலும் திரண்டால் ஏபி, இரண்டிலும் அப்படியே கிடந்தால் ஓ. நிறமில்லாத சொட்டில் திரள்வதும் திரளாததும் பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லிவிடும். இரண்டு நிமிஷ வேலை.

பாட்டிலுக்குள் இருப்பது ஆன்டிபாடி. ஏ வகைச் சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒரு வகைச் சர்க்கரை இருக்கிறது. பி வகை அணுவில் அதே இடத்தில் சற்றே மாறுபட்ட இன்னொரு சர்க்கரை. ஆன்டி-ஏ என்ற புரதம் ஏ சர்க்கரையைக் கண்டால் விடாது. ஒரே மூலக்கூறு பல அணுக்களைச் சேர்த்துப் பிடிப்பதால் ரத்தம் நம் கண்ணெதிரே திரள்கிறது. ஆன்டி-பி, பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் ஆன்டி-டி இரண்டும் செய்வது இதே வேலைதான். நீலமும் மஞ்சளும் வெறும் சாயம். அவசரத்தில் பாட்டில் மாறிவிடக் கூடாது என்று அமெரிக்காவில் விதியாக வந்து, உலகம் முழுக்க வழக்கமாகிவிட்டது.

இந்த ஆன்டிபாடி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஒரு பெரிய ஊர்வலமே கண்முன் நகர்கிறது. வியன்னா டாக்டர்கள் ஆறு பேர், பிள்ளையை இழந்த தாய்மார்கள், வட இந்தியக் குரங்கு, பன்றியின் இரைப்பை, நம் ஊர்க் கொள்ளு, உகாண்டாவிலிருந்து விமானம் ஏறிய ஒரு தாடைக் கட்டி, கேம்பிரிட்ஜில் வளர்ந்த எலி. இத்தனை பேரும் இந்தச் சொட்டுகளுக்குள் இருக்கிறார்கள்.

ரத்தத்தைத் திரள வைக்கும் வித்தையை முதலில் காட்டியது ஒரு விதை. 1888-இல் இன்றைய எஸ்டோனியாவில் உள்ள டார்ட்டு பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஸ்டில்மார்க் என்ற மாணவர் ஆமணக்கு விதையின் நஞ்சைப் பிரித்தெடுத்தார். அதைச் சிவப்பணுக்களோடு கலந்தால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. யாருடைய ரத்தம் என்று அது பேதம் பார்க்கவில்லை. பேதம் பார்க்கும் திரவம் கிடைக்க இன்னும் 13 வருஷம் ஆயிற்று.

1901-இல் வியன்னாவில் கார்ல் லான்ட்ஸ்டைனர் தன்னிடமும் உடன் வேலை பார்த்த ஐந்து பேரிடமும் ரத்தம் எடுத்தார். ஒவ்வொருவர் சீரத்தையும் (ரத்தம் உறைந்தபின் தெளியும் நீர்) ஒவ்வொருவர் சிவப்பணுவோடும் கலந்து அட்டவணை போட்டார். சில கட்டங்களில் ரத்தம் திரண்டது, சிலவற்றில் திரளவில்லை. அந்த ஒழுங்கிலிருந்து ஏ, பி, சி என்று மூன்று பிரிவுகள் கிடைத்தன. சி பிறகு ஓ ஆயிற்று. ஆறு பேரில் ஒருவர்கூட ஏபி இல்லாததால் நான்காவது வகை அவர் கண்ணில் படவில்லை. மறு வருஷமே டெகாஸ்டெல்லோவும் ஸ்டுர்லியும் அதைக் கண்டுபிடித்தார்கள். ரத்த வகை பார்க்க உலகில் முதலில் பயன்பட்ட திரவம், அந்த ஆறு டாக்டர்களின் சொந்த ரத்தத்திலிருந்து வடிந்த சீரம்தான். பி வகைக்காரர் உடம்பில் ஆன்டி-ஏ இயல்பாகவே இருக்கும். ஏ வகைக்காரரிடம் ஆன்டி-பி இருக்கும். ஆகவே அடுத்த எழுபது எண்பது வருஷத்துக்கு, ஒருவருடைய ரத்த வகை தெரிய வேண்டுமானால் இன்னொருவருடைய ரத்தம் வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு பெயர்க் குழப்பம். 1907-இல் பிராகில் யான் யான்ஸ்கி நான்கு வகைகளுக்கும் ரோமன் எண் கொடுத்தார். அதை அறியாமல் 1910-இல் பால்டிமோரில் வில்லியம் மாஸும் ரோமன் எண்ணே கொடுத்தார், ஆனால் தலைகீழாக. யான்ஸ்கியின் முதல் வகை நமது ஓ. மாஸின் முதல் வகை நமது ஏபி. ஒரு ஆஸ்பத்திரி ஒருவர் முறையையும் பக்கத்து ஆஸ்பத்திரி மற்றவர் முறையையும் வைத்துக்கொண்டால் நோயாளியின் கதி என்ன? யாருக்கும் கொடுக்கக்கூடிய ரத்தமும், யாரிடமிருந்தும் வாங்கக்கூடிய ரத்தமும் ஒரே எண்ணில் இருந்தன. எழுத்து முறை நிலைபெற 1920-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் உலகப் போர் இந்தச் சீரத்தைக் கிரேக்கத்துக்குக் கொண்டுபோனது. சலோனிகா போர்முனையில் லுட்விக் ஹிர்ஸ்ஃபெல்டும் அவர் மனைவி ஹன்னாவும் டாக்டர்களாக இருந்தார்கள். பிரிட்டிஷார், பிரெஞ்சுக்காரர், செர்பியர், செனகல்காரர், இந்தியச் சிப்பாய்கள் என்று பல நாட்டவரும் ஒரே ஊரில் குவிந்திருந்த நேரம் அது. அவர்களில் ஆயிரக்கணக்கானோரின் ரத்த வகையைப் பார்த்து 1919-இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். ஐரோப்பியரிடம் ஏ அதிகம், இந்தியரிடம் பி அதிகம் என்று தெரியவந்தது. மனிதர்கள் பூமியில் பரவிய கதையை ரத்தத்தைக் கொண்டு படிக்கலாம் என்ற எண்ணம் அங்கேதான் வேர்விட்டது.

அடுத்த போருக்குள் சீரம் தயாரிப்பது ஒரு தொழிலாகவே ஆகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 1935-இல் ரொனால்டு ஃபிஷர் ஒரு சீரப் பிரிவைத் தொடங்கினார். அவருக்கு அப்போது வேண்டியிருந்தது மரபியல் ஆராய்ச்சிக்கான தரவு. 1939-இல் போர் வந்ததும் அந்தப் பிரிவு கேம்பிரிட்ஜுக்குக் குடிபெயர்ந்து, ரத்த தான மையங்களுக்குச் சீரம் அனுப்பும் பட்டறையாக மாறியது. ஆனால் சீரத்தில் சிக்கல்கள் இருந்தன. ஒருவர் சீரத்தில் ஆன்டிபாடி வலுவாக இருக்கும், இன்னொருவரிடம் சோப்ளாங்கியாக இருக்கும். வலுவைக் கூட்ட, பன்றியின் இரைப்பையிலிருந்து ஏ பொருளையும் குதிரையின் இரைப்பையிலிருந்து பி பொருளையும் பிரித்தெடுத்துத் தன்னார்வலர்களுக்கு ஊசி போட்டார்கள். சில வாரத்தில் அவர்கள் சீரம் வீறுகொண்டுவிடும். அப்படியும் ஒரு தொகுதி போல மறு தொகுதி இருக்காது. வேண்டாத வேறு ஆன்டிபாடிகளும் கலந்துவரும். மஞ்சள் காமாலை போன்ற தொற்றும் ஒளிந்துவரலாம். இத்தனையையும் சோதித்துச் சரிபார்த்துத்தான் பாட்டிலில் அடைக்க வேண்டும்.

மூன்றாவது பாட்டிலின் கதை இன்னும் வலி மிகுந்தது. 1939-இல் நியூயார்க்கில் பிலிப் லெவினும் ரூஃபஸ் ஸ்டெட்சனும் ஒரு தாய்க்கு நேர்ந்ததைப் பதிவு செய்தார்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்திருந்தது. கணவரும் அவரும் ஓ வகை என்பதால் கணவரின் ரத்தத்தை ஏற்றினார்கள். கடுமையான எதிர்விளைவு வந்தது. அவரது சீரத்தைச் சோதித்தபோது அது கணவரின் அணுக்களைத் திரள வைத்தது. தந்தையிடமிருந்து குழந்தைக்கு வந்த ஏதோ ஒன்றைத் தாயின் உடம்பு எதிர்த்திருக்கிறது. லெவின் அதற்குப் பெயர் வைக்காமல் விட்டார். மறு வருஷம் லான்ட்ஸ்டைனரும் அலெக்ஸாண்டர் வீனரும் வட இந்தியாவில் திரியும் ரீசஸ் குரங்கின் சிவப்பணுக்களை முயலுக்குச் செலுத்தி, கிடைத்த சீரம் பெரும்பாலான வெள்ளை இன அமெரிக்கர்களின் ரத்தத்தைத் திரள வைப்பதைக் கண்டு, ஆர்ஹெச் என்று பெயரிட்டார்கள். முயல் தயாரித்தது வேறொரு ஆன்டிபாடி என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குள் குரங்கின் பெயர் நிலைத்துவிட்டது; நம் ரத்த தான அட்டைகளில் இன்றும் அது இருக்கிறது.

உண்மையான ஆன்டி-டி கிடைத்தது மனிதரிடம், பெரும்பாலும் நெகட்டிவ் வகைத் தாய்மாரிடம். பாசிட்டிவ் குழந்தையைச் சுமந்ததால் அவர்கள் உடம்பில் அது உருவாகியிருந்தது. ஒரு குழந்தையைப் பாதித்த அதே பொருள், லட்சக்கணக்கான பேரின் ரத்த வகை பார்க்க உதவியது. அந்தத் தாய்மார்களின் பெயர் எந்தப் பாட்டிலிலும் இல்லை.

இந்த ஆன்டி-டி அணுவைப் பிடித்துக்கொள்ளுமே தவிர, பல நேரம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திரள வைக்காது. உருவில் சிறியது, ஓர் அணுவிலிருந்து அடுத்த அணுவுக்கு எட்டாது. போர்க்காலத்தில் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு மங்கலான வெளிச்சத்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்த ராபின் கூம்ப்ஸ் என்ற இளைஞருக்கு ஒரு யோசனை வந்தது. மனித ஆன்டிபாடியையே பிடிக்கும் ஓர் ஆன்டிபாடியை முயலிடம் தயாரித்தால், அது எட்டாத இடைவெளியை இணைத்துவிடுமே! 1945-இல் மோரன்ட், ரேஸ் இருவரோடு சேர்ந்து அதைச் செய்து காட்டினார். இத்தாலியர் கார்லோ மொரெஸ்கி 1908-லேயே இதே வழியைச் சொல்லியிருந்தார் என்பது கூம்ப்ஸுக்குப் பிறகுதான் தெரியவந்தது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் ரத்த வங்கிகளில் இன்றும் ‘கூம்ப்ஸ் டெஸ்ட்’ பார்க்கிறார்கள்.

அதே காலத்தில் கதை மறுபடி விதைக்குத் திரும்பியது. பாஸ்டனில் வில்லியம் பாய்ட் தாவரங்களிலும் ரத்த வகை அறியும் பொருள் இருக்குமோ என்று யோசித்து, பக்கத்து மளிகைக் கடையிலிருந்து காய்ந்த லைமா பீன்ஸ் வாங்கி வரச் சொன்னார். நம் ஊரில் டபுள் பீன்ஸ் என்று விற்பதுதான். ஊறவைத்த சாறு ஏ வகை அணுக்களை மட்டும் திரள வைத்தது. கடையில் இருந்த அத்தனை பருப்பையும் விட்டு இதை ஏன் கேட்டேன் என்று அவருக்கே விளங்கவில்லை. மற்ற விதைகள் பெரும்பாலானவை ஒன்றும் செய்வதில்லை, அல்லது எல்லா ரத்தத்தையும் ஒரே மாதிரி திரள வைக்கின்றன.

கொள்ளு வருவது இங்கேதான். 1951-இல் புனேயில் ராணுவ மருத்துவத் துறையில் ரத்தமேற்றும் பிரிவில் இருந்த ஜார்ஜ் பேர்ட், கொள்ளின் சாறு ஏ வகை ரத்தத்தைத் திரள வைப்பதை ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார். ஏ வகைக்குள்ளேயே ஏ1, ஏ2 என்று உட்பிரிவுகள் உண்டு. சரியான அளவில் நீர்க்கச் செய்த கொள்ளுச்சாறு ஏ1-ஐத் திரள வைக்கும், ஏ2-ஐத் தொடாது. எந்த நாட்டு ரத்த வங்கியில் போய் ஏ1 உட்பிரிவு பார்க்கக் கேட்டாலும் அலமாரியிலிருந்து எடுப்பது பெரும்பாலும் இந்தக் கொள்ளுச்சாறு பாட்டிலைத்தான். தயாரிப்பதும் எளிது. கொள்ளை அரைத்து, உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடிகட்டி, மேலே தெளிந்ததை எடுத்து, ஏ2 அணு திரளாமல் போகும் வரை படிப்படியாக நீர் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். நம் நாட்டில் சில ரத்த வங்கிகள் இதைத் தாங்களாகவே தயாரித்துக்கொள்கின்றன. கொள்ளு ரசம் குடிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். கொதிக்கும்போது அந்தப் புரதம் செயலிழந்துவிடும்.

மறு வருஷம் இன்னொரு இந்தியத் தொடர்பு. பம்பாயில் டாக்டர் பெண்டேயும் சகாக்களும் ஏ, பி மட்டுமல்லாமல், ஓ வகையில் ஏராளமாக இருக்கும் ஹெச் என்ற அடிப்படைப் பொருளும் இல்லாத ரத்தத்தைக் கண்டறிந்து 1952-இல் வெளியிட்டார்கள். அதுதான் பாம்பே வகை. மூன்று பாட்டில்களால் மட்டும் சோதித்தால் இந்த வகைக்காரர்கள் ஓ என்றே தெரிவார்கள். ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. ஹெச்-ஐக் கண்டறிய உதவும் சாறு கார்ஸ் என்ற முட்புதரின் விதையிலிருந்து வருகிறது. ஐரோப்பாவிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்து நட்ட அந்த மஞ்சள் பூப் புதர் நீலகிரி மலைச் சரிவுகளில் இன்று களையாகப் பரவிக் கிடக்கிறது. ஊட்டிப் புல்வெளிக்குக் கேடாக இருப்பது, ரத்த வங்கியில் உயிர் காக்கிறது.

ஆனால் விதைகளால் பி-க்கும் டி-க்கும் அன்றாடத் தேவைக்கு வழி கிடைக்கவில்லை. மனிதச் சீரத்தை விட்டால் கதியில்லை என்ற நிலை 1970-கள் வரை நீடித்தது. அதை மாற்றிய இருவருக்கும் ரத்த வகை பற்றிய நினைப்பே கிடையாது.

சீசர் மில்ஸ்டைன் அர்ஜென்டினாக்காரர். பியூனஸ் அயர்ஸில் அரசியல் காரணமாகத் தன் சக ஆராய்ச்சியாளர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டதும் ராஜினாமா செய்துவிட்டு கேம்பிரிட்ஜுக்கு வந்தவர். உடம்பு எப்படி இத்தனை விதமான ஆன்டிபாடிகளைத் தயாரிக்கிறது என்பது அவருடைய கேள்வி. அதற்கு ஒரே ஓர் ஆன்டிபாடியை மட்டும் ஓயாமல் சுரக்கும் செல் வேண்டும். ஆன்டிபாடி சுரக்கும் செல்லை உடம்புக்கு வெளியே எடுத்தால் சில நாளில் செத்துவிடும். சாகாத செல்கள் இருந்தன, அவை புற்றுநோய்ச் செல்கள். அமெரிக்காவில் மைக்கேல் பாட்டர் எலிகளின் வயிற்றில் கனிம எண்ணெயைச் செலுத்தினால் ஆன்டிபாடி சுரக்கும் புற்றுக்கட்டி உருவாவதைக் கண்டிருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தக் கட்டிகளை அனுப்பிவைத்தார். அந்த வம்சத்தில் ஒன்று மில்ஸ்டைனிடம் இருந்தது.

1974-இல் ஜெர்மானிய இளைஞர் ஜார்ஜஸ் கோலர் அவரிடம் வந்து சேர்ந்தார். ஆட்டின் சிவப்பணுக்களை எலிக்குச் செலுத்தி, அதன் மண்ணீரலிலிருந்து செல்களை எடுத்து, புற்றுச் செல்களோடு இணைத்தார்கள். இணைக்கப் பயன்பட்டது செயலிழக்கச் செய்த சென்டாய் வைரஸ். ஜப்பானின் சென்டாய் நகரில் கண்டறியப்பட்டது. பிறகு ஒரு விசேஷக் கரைசலில் அத்தனையையும் போட்டார்கள். அந்தக் கரைசலில் தனிப் புற்றுச் செல் பிழைக்காது, ஏனெனில் தேவையான நொதி ஒன்று அதனிடம் இல்லை. தனி மண்ணீரல் செல் தானாகவே செத்துவிடும். நொதியை ஒன்றிடமும் சாகா வரத்தை மற்றதிடமும் பெற்ற கலப்புச் செல் மட்டும் தப்பும். அது விரும்பிய ஆன்டிபாடியைத் தயாரிக்கிறதா என்று பார்க்க ஆட்டு ரத்தம் பரப்பிய தட்டுகளில் வைத்தார்கள். தயாரித்தால் அணுக்கள் சிதைந்து வெளிறிய வட்டம் விழும். ஒரு மாலை கோலர், தனியாகப் போக அலுப்பாக இருந்ததால் மனைவியையும் அழைத்துக்கொண்டு ஜன்னலில்லாத அடித்தள அறைக்குப் போனார். முதல் தட்டிலேயே வட்டங்கள். மகிழ்ச்சியில் கத்திவிட்டு மனைவியை முத்தமிட்டதாக அவரே பிறகு சொன்னார். 1975 ஆகஸ்டில் ‘நேச்சர்’ இதழில் கட்டுரை வந்தது.

அதற்குப் பிறகு சோதனை அவர்களுக்கே மறுபடி வரவில்லை. மாதக்கணக்கில் முயன்றும் கலப்புச் செல்கள் செத்துக்கொண்டே இருந்தன. கடைசியில் ஜியோவானி கால்ஃப்ரே என்ற ஆராய்ச்சியாளர் காரணத்தைப் பிடித்தார். சேமித்து வைத்திருந்த கரைசல்களில் ஒன்று கெட்டு நஞ்சாகியிருந்தது. அவர் அதைக் கண்டிராவிட்டால் ஒரே ஒரு முறை நடந்த அதிசயமாக இது மறந்துபோயிருக்கும்.

காப்புரிமை விஷயம் தனிக் கதை. பிரிட்டனின் ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகத்துக்குத் தகவல் போனது. உடனடி நடைமுறைப் பயன் எதுவும் தெரியவில்லை என்று 1976-இல் பதில் வந்தது. மில்ஸ்டைன் கேட்டவர்களுக்கெல்லாம் செல்களை அனுப்பினார். அவரிடமிருந்து செல் பெற்ற பிலடெல்பியாவின் விஸ்டார் நிறுவனத்தார், அதே முறையில் செய்த புற்றுநோய், ஃப்ளூ ஆன்டிபாடிகளுக்குக் காப்புரிமை வாங்கினார்கள். பிரிட்டனில் பெரிய கூக்குரல் எழுந்தது. 1980-இல் செல்டெக் என்ற கம்பெனி பிறந்ததற்கு அந்தக் கோபமும் ஒரு காரணம். தேசத்துக்கு நஷ்டம் என்று இன்றும் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அடிப்படை முறை யாருக்கும் சொந்தமாகாமல் போனதால்தான் எந்த நாட்டு லேபும் அதைச் செய்ய முடிந்தது. பாட்டரும் மில்ஸ்டைனும் பார்சலில் அனுப்பிய செல்களின் பலனை ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் விரல் நீட்டுகிற ஒவ்வொருவரும் அனுபவிக்கிறோம்.

ரத்த வகைக்கு இது வந்துசேர்ந்ததும் எதேச்சையாகத்தான். மனித டான்சிலில் இருந்து எடுத்த வெள்ளணுக்களின் மேலுறையை எலிக்குச் செலுத்தி, உறுப்பு மாற்றத்துக்கு உதவும் ஆன்டிபாடிகளைத் தேடினார்கள். 1978-இல் வெளியான அந்த ஆய்வில் கிடைத்தவற்றில் ஒன்று ஏ வகைச் சிவப்பணுவைப் பிடித்தது. மில்ஸ்டைனின் ஆய்வகமும் கேம்பிரிட்ஜ் ரத்தமேற்று மையத்தின் டக்ளஸ் வோக்கும் சேர்ந்து ஓர் ஆன்டி-ஏ-யை ஆஸ்பத்திரி ரத்தங்களில் சோதித்து 1980-இல் முடிவை எழுதினார்கள். மறு வருஷம் ஸ்டீவன் சாக்ஸ், எட்வின் லெனாக்ஸ் இருவரும் ஆன்டி-பி-யைக் கொண்டுவந்தார்கள். செல்டெக் விற்ற ஆரம்பச் சரக்குகளில் ரத்த வகை ஆன்டிபாடியும் இருந்தது. எத்தனை வருஷம் கழித்து எடுத்தாலும் அதே வலு, அதே குணம். செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வேண்டும்போது எழுப்பி, ஊட்டக் கரைசலில் வளர்த்தால் போதும். அவை வளர்ந்த நீரே சோதனைத் திரவம்; அதில் சாயமும் கெடாமல் காக்கும் பொருளும் சேர்த்தால் பாட்டில் தயார்.

டி மட்டும் மசியவில்லை. எலிக்கு எத்தனை ஊசி போட்டும் பயன்படும் ஆன்டி-டி கிடைக்கவில்லை. மனிதச் செல்லையே சாகாததாக்க வேண்டும். அதற்கான வழி ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருந்தது. உகாண்டாவில் டெனிஸ் பர்கிட் என்ற சர்ஜன் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுக்கட்டியை விவரித்திருந்தார். 1963 டிசம்பரில் அப்படியொரு கட்டியின் துண்டு லண்டனுக்கு விமானத்தில் வந்தது. பனிமூட்டத்தால் விமானம் மான்செஸ்டருக்குத் திருப்பப்பட்டு, துண்டு ஆய்வகத்துக்கு வந்துசேரத் தாமதமாயிற்று. வந்தபோது திரவம் கலங்கலாக இருந்தது. கெட்டுவிட்டது என்று தூக்கி எறியாமல் ஆன்டனி எப்ஸ்டைன் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். வழியில் குலுங்கிக் குலுங்கிக் கட்டியிலிருந்து பிரிந்த செல்கள் உயிரோடு மிதந்துகொண்டிருந்தன. அவற்றை வளர்த்ததில் 1964-இல் ஒரு புதிய வைரஸ் கண்ணில் பட்டது. எப்ஸ்டைன்-பார் வைரஸ்.

ஆன்டிபாடி சுரக்கும் வெள்ளணுக்களைத் தொற்றினால் அந்த வைரஸ் அவற்றைச் சாகாமல் பெருக வைக்கும் என்பது பிறகு தெரிந்தது. ஆன்டி-டி உள்ளவர்களின் வெள்ளணுக்களில் அதைத் தொற்றவைத்து 1980-இல் ஹெல்சிங்கியில் கோஸ்கிமீஸும், 1983-இல் லண்டனில் டோரதி கிராஃபர்டும் சகாக்களும் மனித ஆன்டி-டி சுரக்கும் செல்களை உருவாக்கினார்கள். அவை நிலையாக இருக்க எலியின் புற்றுச் செல்லோடும் இணைத்தார்கள். அந்த நிறமில்லாத சொட்டில் பாதி மனிதர், பாதி எலி.

புதிய ஆன்டிபாடிகள் சில நேரம் அளவுக்கு மீறிக் கூர்மையாக இருந்தன. பி வகைக்காரர்களின் அணுவில் துளியூண்டு ஏ சர்க்கரையும் இருப்பதுண்டு. பழைய சீரத்துக்குத் தெரியாத அதை ஒரு புதிய ஆன்டி-ஏ பிடித்துவிட்டது. குடல் நோய் வந்த ஏ வகைக்காரர்களில் சிலருக்குக் கிருமிகள் ஏ சர்க்கரையின் ஒரு பகுதியைக் கத்தரித்துப் பி மாதிரி ஆக்கிவிடும். ஒரு ஆன்டி-பி அவர்களை ஏபி என்று காட்டியது. கலவையைத் திருத்த வேண்டியிருந்தது. டி-யும் பல துண்டுகள் சேர்ந்த பொருள், சிலரிடம் சில துண்டுகள் குறைகின்றன என்பது இந்த ஆன்டிபாடிகளால்தான் தெளிவாயிற்று. அப்படி ஒரு வகைக்காரர் ரத்தம் கொடுக்க வந்தால் பாசிட்டிவ் என்றும், ரத்தம் பெற வந்தால் நெகட்டிவ் என்றும் கணக்கில் கொள்ளும்படி சோதனைத் திரவங்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. இரண்டு பக்கமும் பாதுகாப்பு.

இன்று பாட்டிலோடு வரும் தாளைப் படித்தால் செல் வம்சத்தின் பெயர் இருக்கும். ஆன்டி-ஏ என்றால் பிர்மா-1, ஆன்டி-பி என்றால் எல்பி-2 என்று வெவ்வேறு கம்பெனிக்காரர்களின் தாளில் அதே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். லேபிள் மாறினாலும் உள்ளே சுரந்தது ஒரே வம்சத்துச் செல். சோதனைத் திரவம் மனித உடம்பைக் கிட்டத்தட்ட முழுவதும் விட்டு விலகிவிட்டது.

ஆன்டி-டி ஊசி அந்த அளவுக்கு விலகவில்லை. நெகட்டிவ் தாய்க்குப் பாசிட்டிவ் குழந்தை பிறந்ததும், அவர் உடம்பே ஆன்டி-டி தயாரிக்கத் தொடங்காமல் தடுக்கப் போடும் ஊசி அது. இந்தியாவில் ஆய்வகத்தில் செய்த ஆன்டி-டி ஊசியும் விற்பனைக்கு வந்துவிட்டது; ஆனால் பெரும்பாலான நாடுகளில் அது இன்னும் தானம் தருபவர்களின் பிளாஸ்மாவிலிருந்தே வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 2018 வரை 1,173 முறை பிளாஸ்மா கொடுத்தார். குழந்தை பிறந்து 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்ற கணக்குக்கும் ஒரு தற்செயல் பின்னணி உண்டு. 1960-களில் நியூயார்க்கின் சிங் சிங் சிறைக் கைதிகளிடம் இதைச் சோதித்தபோது, மூன்று நாளுக்கு ஒரு முறைதான் டாக்டர்களை உள்ளே விட்டார்கள். அந்த இடைவெளியில் போட்டும் ஊசி வேலை செய்தது, அதுவே விதியாகிவிட்டது.

உங்கள் வீட்டில் நெகட்டிவ் வகைப் பெண் கர்ப்பமாக இருந்தால் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிரசவத்துக்கு மட்டுமல்ல, கருச்சிதைவு ஆனாலும் இந்த ஊசி தேவையா என்று கேளுங்கள்; 72 மணி நேரம் கடக்க விடாதீர்கள்.